ஈருருளியும் ஈரநிலமும்

நுழையும்முன்

விரைந்து செல்பவருக்கு வழி மட்டுமே தெரியும். மெல்லச் செல்பவருக்கு வழியில் உள்ளவையும் தெரியும். மார்கழித் திங்களில் சென்னைக் கடற்கரையோர நீர்நிலைகளை நாடி நெடுந்தொலைவிலிருந்து பறவைகள் வருகின்றன. மிதிவண்டியில் மூன்று நாள் சென்று அவற்றைக் காண விரும்புவோர் எங்குச் செல்லலாம், எவற்றைக் காணலாம், கண்டபின் அவர்தம் பொறுப்பு யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கையில் ஒரு மிதிவண்டி

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. உங்களுள் பலர் அதனைப் பெற்றிருப்பீர்கள். வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே நாள்தோறும் ஓடும் அவ்வண்டி, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பெரும்பாலும் சுவரோரம் சாய்ந்து ஓய்வெடுக்கிறது. அதே விடுமுறை நாள்களில்தான் நம் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவந்த பறவைகள் இரைதேடிக்கொண்டிருக்கின்றன. வாசலில் வண்டியும் வண்டி எட்டும் தொலைவில் பறவையும் இருந்தும், இரண்டையும் இணைத்துப் பார்ப்பவர் சிலரே.

ஈருருளி என்று தமிழில் அழகுறப் பெயர்பெற்ற இவ்வூர்தி ஒரே நாளில் உருவானதன்று. 1817இல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வான் டிரைஸ் இரண்டு சக்கரங்களை ஒரு மரச்சட்டத்தில் இணைத்தார். அதனை மிதிக்க இயலாது. அமர்ந்தவாறே காலால் தரையை உந்திச் செல்லவேண்டும். இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைய, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வடிவத்தை 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி வெற்றிகரமாக அமைத்தார். 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த சக்கர உறையைப் படைத்தபின் பயணம் மென்மையாயிற்று. நாம் இன்று ஓட்டும் வண்டியின் அடிப்படை வடிவம் அக்காலத்ததே.

பறவை காண்பதற்கு மிதிவண்டி ஏற்றதாவது ஏன்? நடந்து செல்பவர் ஒரு மணி நேரத்தில் நான்கைந்து கிலோமீட்டர் கடப்பார். மிதிவண்டியில் செல்பவர் பெரிதும் களைப்பின்றிப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் கடக்கலாம். ஆகவே, விடியலுக்கும் வெயிலேறும் பொழுதுக்கும் இடையில் இரண்டு மூன்று நீர்நிலைகளைச் சென்று காணமுடியும். பொறியின் இரைச்சல் இல்லாமையால் பறவையின் குரல் காதில் விழும். சாளரக் கண்ணாடி இல்லாமையால் கண்ணுக்குத் தடையில்லை. நினைத்த இடத்தில் நிற்கவும் முடியும். பறவை நோக்கலில் பாதி, கேட்பதும் காத்திருப்பதுமே ஆகும்.

மார்கழியும் வலசையும்

பறவைகள் பருவந்தோறும் ஓரிடம் விட்டு மற்றோரிடம் சென்று திரும்புதலை வலசை போதல் என்பர். குளிரைத் தாங்க இயலாமல் அவை தெற்கு நோக்கி வருகின்றன என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். அஃது அரை உண்மையே. இறகுப் போர்வை கடுங்குளிரையும் தாங்கவல்லது. ஆனால், பசியைத் தாங்க எந்தப் போர்வையும் உதவாது. வட ஆசியாவின் ஏரிகள் உறையும்போது நீர்த்தாவரங்களும் புழுக்களும் நத்தைகளும் பனிக்கட்டியின் கீழ் அகப்பட்டுக்கொள்கின்றன. பகற்பொழுதும் குறுகுகிறது. உணவும் அதனைத் தேடும் நேரமும் ஒருங்கே குறைவதே வலசைக்கு முதன்மைக் காரணமாகும்.

வடக்கில் நீர் உறையும் அதே காலத்தில் தமிழகக் கடற்கரையில் நீர் நிறைகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மழை ஓயும் மார்கழியில் ஏரிகள் ததும்பி நிற்கும். பகல் வெப்பம் ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸ், இரவில் ஏறத்தாழ 21 டிகிரி என்னும் இதமான நிலை நிலவும். மனிதருக்கு மிதிவண்டி ஓட்டவும் பறவைக்கு இரைதேடவும் ஒருசேர உகந்த பருவம் அது.

வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை நீளும் வான்வழியை மத்திய ஆசியப் பறப்புவழி என்பர். முப்பது நாடுகளைத் தொட்டுச் செல்லும் அவ்வழியின் தென்பகுதியில் நம் கடற்கரை அமைந்துள்ளது. சென்னைக் கடற்கரையில் நாம் சாதாரணமாகக் காணும் பழுப்புத்தலைக் கடற்காகம், லடாக், திபெத் போன்ற உயர்ந்த பீடபூமிகளின் ஏரிக்கரைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது. பெயர் கடற்காகமாயினும் அதன் பிறந்தகம் கடலிலிருந்து வெகுதொலைவில், மலைகளுக்கு நடுவே உள்ளது.

இவ்வருகையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்துள்ளனர். வறுமையுற்ற சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்கு நாரையைத் தூதுவிட்ட பாடலில், அந்நாரை தென்குமரியில் நீராடி வடதிசைக்குத் திரும்புவது என்றே குறிக்கப்படுகிறது. வலசை என்னும் இயற்கை உண்மையின்மேல்தான் அத்தூது நிற்கிறது.

முதல்நாள்: அடையாற்றுக் கழிமுகம்

முதல்நாள் பயணம் குறுகியதாக இருத்தல் நன்று. பெசன்ட் நகர்க் கடற்கரையிலிருந்து வடக்கே, மீனவர் குடியிருப்புகளைக் கடந்து சென்றால் அடையாறு கடலில் கலக்கும் இடத்தை அடையலாம். அங்குள்ள உடைந்த பாலம் ஒரு நல்ல அடையாளம். அதன்மீது ஏறுதல் ஆபத்தானது. கரையில் நின்றே கழிமுகம் முழுவதையும் காணலாம்.

இங்கு நாழிகையைவிட ஓதத்தை அறிந்து செல்லுதல் இன்றியமையாதது. கடல்நீர் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. சென்னையில் இவ்வேற்றத்தாழ்வு ஏறத்தாழ ஒரு மீட்டரே. ஆயினும், தாழ்வான கழிமுகத்தில் அவ்வளவு நீர் வடிந்தாலே அகன்ற சேற்றுத்திட்டுகள் வெளிப்படும். அப்போது உப்புக்கொத்திகள் சேற்றின்மேல் சிறிது ஓடி, நின்று, குனிந்து கொத்தும். உள்ளான்கள் மூக்கைச் சேற்றினுள் செலுத்தித் துழாவும். நீர் ஏறும்போது இவை மணல்மேட்டில் கூட்டமாக ஒதுங்கி, ஒற்றைக்காலில் நின்று ஓய்வெடுக்கும். பொழுது தவறிச் சென்றவர், பறவையே இல்லை என்று வருந்தித் திரும்ப நேரிடும்.

ஆலாக்கள் ஆற்றுக்கு மேலே பறந்தவாறு, மீனைக் கண்டதும் செங்குத்தாக நீரில் பாயும். கரையில் வலையை உலர்த்தும் மீனவர்கள், ஆலா பாயும் இடத்தைக் கொண்டே மீன் திரளும் இடத்தை உணர்வர். பறவை நோக்கல் அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று, தொழிலறிவு. அவர்களிடம் கேட்டறியும் பணிவு பயணிக்கு வேண்டும்.

இரண்டாம் நாள்: பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்

அடையாற்றிலிருந்து தென்மேற்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உள்ளது. தென்சென்னையின் பல ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் வந்துசேரும் தாழ்நிலம் இது. ஒருபுறம் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். மறுபுறம் பெருங்குடிக் குப்பைமேடு. நடுவே கோரைப்புல்லும் ஆழமற்ற நீரும். பேருந்தில் செல்வோர் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடம். மிதிவண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் நின்றவர் அதன் மற்றொரு முகத்தைக் காண்பார்.

பவளநிறக் கால்களையுடைய பவளக்கால் உள்ளான்கள் முழங்கால் நீரில் நடந்து இரைதேடும். நீலத் தாழைக்கோழி கோரைத்தண்டைக் காலால் பற்றித் தின்னும். நீளவால் இலைக்கோழி, தன் நீண்ட விரல்களால் எடையைப் பரப்பி, மிதக்கும் இலைகளின்மேல் அமிழாமல் நடக்கும். வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகளும் நீலச்சிறகிகளும் திறந்த நீர்ப்பரப்பில் மிதக்கும். திடீரென அவை அனைத்தும் ஒருசேர எழுந்தால், வானில் சேற்றுப் பூனைப்பருந்து வட்டமிடுகிறது என்று அறியலாம்.

இத்தனை வகைப் பறவைகள் ஒரே நிலத்தில் பசியாறுவது எவ்வாறு? அலகையும் காலையும் உற்றுநோக்கினால் விடை கிடைக்கும். உப்புக்கொத்தியின் குட்டை அலகு சேற்றின் மேற்பரப்பில் உள்ளதை எடுக்கும். கருவால் மூக்கனின் நீண்ட அலகு ஆழத்தில் புதைந்த புழுவைத் தேடும். கரண்டிவாயன் தன் தட்டை அலகை நீரில் இருபுறமும் வீசிச் சிற்றுயிர்களைக் கவ்வும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகின் உள்ளே அமைந்த சல்லடை போன்ற அமைப்பால் சேற்றுநீரை வடிகட்டி உண்ணும். அவ்வுணவில் உள்ள நிறமிகளே அதன் இளஞ்சிவப்பு நிறத்திற்குக் காரணம். ஒவ்வொன்றும் தன் அலகு எட்டும் ஆழத்தில் உண்பதால் ஒன்றன் உணவை மற்றொன்று முழுவதும் பறிப்பதில்லை.

இதிலிருந்து ஒரு பேருண்மை விளங்கும். சதுப்புநிலத்தின் செல்வம் அதன் ஆழமின்மையே. நீர் மிகுதியாகத் தேங்கவேண்டும் என எண்ணி அதனை முழுவதும் ஆழத் தோண்டினால், நீந்தும் வாத்துகள் தங்கும். நடந்து இரைதேடும் நாரைகளும் உள்ளான்களும் கால் ஊன்ற இடமின்றி அகன்றுவிடும். மேடாக்கி நிரப்பினால் எதுவுமே தங்காது. நன்மை கருதிச் செய்யும் செயலும் நிலத்தின் இயல்பறிந்து செய்யப்படல் வேண்டும்.

ஒருகாலத்தில் இச்சதுப்புநிலம் இன்றுள்ளதைப்போலப் பல மடங்கு பரந்திருந்தது. சாலைகளும் குடியிருப்புகளும் குப்பைக் கிடங்கும் அதனைக் கூறுபோட்டன. 2007இல் அதன் 317 எக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 எக்டேர் பரப்பு, பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பறவைக்காக மட்டும் இப்பாதுகாப்புத் தேவைப்படுகிறது என எண்ணுதல் தவறு. பெருமழையின் நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, மெல்ல மெல்லக் கடலுக்கு விடுவது சதுப்புநிலத்தின் இயல்பு. 2015 டிசம்பர்ப் பெருமழையில் தென்சென்னையின் பல பகுதிகள் மூழ்கின. நீர் பரவுவதற்குரிய தாழ்நிலங்கள் சுருங்கியமையும் அத்துயருக்கு ஒரு காரணம். பறவை தங்க இடமில்லாத நிலத்தில் வெள்ளம் தங்கவும் இடமில்லை. அது வீடுகளுக்குள் புகுகிறது.

மூன்றாம் நாள்: நீரின் வழியே கோவளம்

பள்ளிக்கரணையில் நிறையும் நீர் எங்குச் செல்கிறது? ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, தெற்கே ஓடிக் கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. மூன்றாம் நாள் நாமும் அந்நீரைப் பின்தொடர்ந்து தெற்கே செல்லலாம். அடையாற்றிலிருந்து கோவளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வழியில் முட்டுக்காட்டுக் காயல் அகன்று விரிகிறது. மேற்கே கேளம்பாக்கத்தில் உப்பளங்கள் உள்ளன. உப்பங்கழியின் ஆழமற்ற நீரில் கூழைக்கடாக்கள் கூட்டமாக நீந்தி, மீன்களைக் கரைநோக்கி ஒதுக்கி, அலகின்கீழ்த் தொங்கும் பையால் அள்ளும். மணல்திட்டுகளில் ஆலாக்களும் கடற்காகங்களும் காற்று வரும் திசையை நோக்கி வரிசையாக அமர்ந்திருக்கும்.

அவ்வரிசை மிதிவண்டிப் பயணிக்கும் ஒரு பாடம் சொல்கிறது. மார்கழியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கே செல்லும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளுவது போலிருக்கும். வண்டி தானே ஓடுவதாகத் தோன்றும். திரும்பும்போதுதான் உண்மை விளங்கும். அதே காற்று நெஞ்சில் மோதும், வெயிலும் ஏறியிருக்கும். ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்டதைத் திரும்பும் வழிக்கென ஒதுக்கிவைப்பவரே நலமாக வீடு சேர்வார். பறவைகளும் இக்கணக்கை அறிந்தவை. பின்புறமிருந்து வீசும் காற்றைத் துணையாகக் கொள்ளும் நாள்களில் பல பறவைகள் நெடும்பயணம் தொடங்குகின்றன. புறப்படுமுன் உடலில் கொழுப்பைச் சேமிக்கின்றன. அக்கொழுப்பே அவற்றின் கட்டுச்சோறு.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். படம் எடுப்பதற்காக நாம் நெருங்கிச் சென்று ஒரு கூட்டத்தை எழுப்பிவிட்டால் அவை மீண்டும் அமர்ந்துவிடும், நமக்கு இழப்பில்லை. ஆனால், அப்பறவைக்கோ சேமித்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகிறது. இதனை ஒரே காலையில் பலர் செய்தால், இரைதேடும் நேரம் பறப்பதிலேயே கழியும். பங்குனியில் வடக்கே திரும்பும்போது அக்குறை வழியில் தெரியவரும்.

காண்போர் கடமை

நீர்நிலைக்குச் சற்றுத் தொலைவிலேயே வண்டியை விட்டிறங்கி மெல்ல நடத்தல் வேண்டும். ஓடும் வண்டியைவிடத் திடீரென நிற்கும் வண்டியே பறவையை மிரளச் செய்கிறது. மங்கலான நிற உடை நல்லது. ஆயின், இருட்டில் சாலையில் செல்லும்போது ஒளி எதிரொளிக்கும் பட்டையும் முன்பின் விளக்குகளும் கட்டாயம் தேவை. தலைக்கவசம், தண்ணீர், சக்கரத்திற்குக் காற்றடிக்கும் சிறு கருவி, ஒட்டுப்போடும் பொருள்கள் ஆகியன உடனிருக்கட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாள்களில் ஊர்திகள் மிகு விரைவில் செல்லும். பெரியவர் ஒருவருடன், ஒருவர்பின் ஒருவராகச் செல்வதே முறை. காப்புக்காட்டு எல்லைக்குள் இசைவின்றி நுழைதல் கூடாது. கூட்டையோ முட்டையையோ நெருங்குதலும் ஆகாது.

இவ்வொழுக்கம் நமக்குப் புதியதன்று. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். சட்டம் வருவதற்குமுன் காவல் வந்தது. காவலுக்கு முன் கவனித்தல் வந்தது. கவனியாத ஒன்றை எவரும் காப்பதில்லை.

குறிப்பேட்டின் வலிமை

பயணத்தின் இறுதியில் நம்மிடம் எஞ்சவேண்டியது ஒரு குறிப்பேடு. நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகிய ஆறும் போதும். பெயர் தெரியாவிடின் அலகு, கால், நிறம், நடை ஆகியவற்றை எழுதிவைத்துப் பின்னர் நூலில் தேடலாம். ஐயமுற்றதை ஐயம் என்றே எழுதுதல் வேண்டும். அறிந்ததாக எழுதுதல் கூடாது. பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் தன்னார்வலர்கள் பறவைகளைக் கணக்கெடுக்கின்றனர். ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நிகழ்கிறது. மாணவர் குறிப்பும் அவற்றோடு சேரலாம்.

ஓர் ஏரியைப் பயனற்ற தரிசு என ஒருவர் கூறும் நாள் வரக்கூடும். அன்று, அது தரிசன்று. இன்ன ஆண்டில், இன்ன நாளில், இத்தனை பறவைகள் இங்கு உண்டு உயிர்வாழ்ந்தன என்று சான்று காட்ட யாரேனும் எழுதிவைத்திருக்க வேண்டும். அச்சான்று பதினாறு வயது மாணவர் ஒருவரின் கையெழுத்திலும் இருக்கலாம்.

இப்பாடத்தில் சென்னை ஓர் எடுத்துக்காட்டே. வடுவூர், கரைவெட்டி, கூந்தன்குளம், வெள்ளோடு எனத் தமிழகம் முழுவதும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஏரிகள் உள்ளன. எப்பட்டியலிலும் இடம்பெறாத ஊர் ஏரிகளோ எண்ணற்றவை. உங்கள் ஊர் ஏரிக்கரையிலும் இம்மார்கழியில் ஏதேனும் ஒரு பறவை வந்து இறங்கியிருக்கும். அது கடந்துவந்த தொலைவு மிகுதி. நீங்கள் கடக்கவேண்டிய தொலைவு மிதிவண்டி செல்லும் அளவே.

தெரிந்து தெளிவோம்

ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை, ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2ஆம் நாள் கையெழுத்தானது. அந்நாளே உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுகிறது. இந்தியா 1982இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள நீர்நிலை ஒன்றிற்கு ஆசிரியர் துணையுடன் சென்று, ஆறு செய்திகள் அடங்கிய பறவைக் குறிப்பேடு ஒன்றை உருவாக்குக.

2. உங்கள் ஊர்ப் பெரியோரிடம், அவர்தம் இளமையில் அந்நீர்நிலை எவ்வளவு பரந்திருந்தது, எப்பறவைகள் வந்தன என்று கேட்டு எழுதி, இன்றைய நிலையோடு ஒப்பிடுக.

3. 'நீர்நிலையை ஆழப்படுத்துதல் எப்போதும் நன்மையே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.